பூட்டை உடைத்த புன்னகை

ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர் வேப்பூர். ஆடு விற்க வந்தவன், ஆடு பிடிக்க வந்தவன், இரண்டுக்கும் கையில் காசில்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று கூட்டம் சேருகிற இடம் எதுவானாலும், அங்கே இன்னொருவனும் வந்து சேருவான். தரையில் ஒரு விரிப்பு, விரிப்பின்மேல் நாலு வேர், பத்துப் புட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஓயாத தொண்டை. இவ்வளவுதான் அவனுடைய முதல். ஒரு காலத்தில் அவன் சித்தர் பெயரைச் சொல்லி விற்றான். சித்தர் பெயருக்குச் சந்தையில் கிராக்கி குறைந்ததும் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி விற்கிறான். நரம்பு மண்டலம் என்கிறான், ஹார்மோன் என்கிறான், காந்த அலை என்கிறான், அணுசக்தி என்கிறான். லேகியம் அதே லேகியந்தான்; மேலே ஒட்டிய சீட்டு மட்டும் புதிது. அவன் வியாபாரத்தின் உயிர்நாடி ஒன்றே ஒன்று. கேட்பவனுக்குப் புரியக் கூடாது. புரிந்துவிட்டால் புட்டி நகராது!

இந்தக் கூத்து நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல, தோழர்களே! இத்தாலி நாட்டில் 16-ஆம் நூற்றாண்டில் முகமூடி நாடகம் ஒன்று செழித்து வளர்ந்தது. நடிகர்கள் எழுதி வைத்த வசனம் இல்லாமல், கதைக் குறிப்பை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் மேடை போட்டு ஆடினார்கள். அதிலே வருகிற பாத்திரங்களில் ஒருவர் டாக்டர். போலோஞா நகரத்துக்காரர். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் அது. கறுப்பு அங்கி, முன்னே தள்ளிய தொந்தி, நெற்றியையும் மூக்கையும் மறைக்கும் முகமூடி. வாயைத் திறந்தால் லத்தீன் கொட்டும். அதிலே பாதி தப்பு, மீதி பிதற்றல், இடையிடையே போலோஞா நகரத்துக் கொச்சை. மருத்துவமா, சட்டமா, வானநூலா, தத்துவமா, எதைப் பற்றிக் கேட்டாலும் விரிவுரை உண்டு. கேட்டதற்கு விடை மட்டும் இராது. கப்பல் நடுக்கடலில் இருக்குமானால் அது துறைமுகத்தில் இல்லை என்கிற மாபெரும் உண்மையை மூச்சுத் திணறத் திணற மெய்ப்பிப்பார். கீழே நிற்கும் செருப்புத் தைப்பவனும் சுமை தூக்குபவனும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவர்கள் கல்வியைக் கண்டு சிரிக்கவில்லை. கல்வியின் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்த வெறுமையைக் கண்டு சிரித்தார்கள்.

அதே இத்தாலியில் பதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் கலீலியோ. 1604-ஆம் ஆண்டு வானத்தில் புதிதாக ஒரு விண்மீன் சுடர்விட்டது. வானம் மாறாதது, அங்கே புதிதாக ஒன்று தோன்றாது என்று பழைய ஏடு சொல்லுகிறது. கண்ணோ புதிய ஒளியைக் காணுகிறது. பண்டிதர்கள் ஏட்டின் பக்கம் நின்றார்கள். 1605-இல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. லத்தீனில் அல்ல, பதுவா நாட்டுப்புறத்து உழவன் பேசுகிற பேச்சில்! இரண்டு குடியானவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அளந்து பார்க்கத் தெரியாத தத்துவப் புலிகளைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். நூலின்மேல் இருந்தது புனைபெயர். கலீலியோவும் அவருடைய நண்பராக இருந்த ஒரு துறவியும் சேர்ந்து ஆக்கியது அது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. விஞ்ஞானத்தை வளர்க்க வந்த மேதைக்குக் கொச்சைப் பேச்சும் கேலியும் தேவைப்பட்டன என்பதைக் கவனியுங்கள்.

பதுவாவின் உழவர் பேச்சுக்கு அங்கே இருந்த வலிமை, தமிழகத்தின் தென்கோடியில் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக்கு உண்டு. அந்த வில்லின் நாணோசையில் வளர்ந்து, பண்டிதப் பேச்சு என்னும் பெரும் பூட்டைச் சிரித்துச் சிரித்தே உடைத்த ஒருவரைப் பற்றித்தான் நாம் சொல்லப் போகிறோம். அவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், நாகர்கோவிலைச் சேர்ந்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். பெயரைக் கேட்டாலே குடும்பத்தின் நிலை புரியும். சுடலை மாடனும் இசக்கியும் மாளிகைத் தெய்வங்கள் அல்ல. வில்லுப்பாட்டிலே வாழ்கிற ஏழை வீட்டுத் தெய்வங்கள். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. டென்னிஸ் ஆடும் கனவான்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டான் அந்தச் சிறுவன். நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றான். விற்றுக்கொண்டே மேடையைப் பார்த்தான். பார்த்துப் பார்த்தே பாடம் படித்தான்.

வில்லுப்பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கலைவாணரின் கலை முழுவதும் அதிலே அடங்கியிருக்கிறது. மணிகள் கட்டிய நீண்ட வில், உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடம். குடம் என்றால் மண்குடம். விருத்தாசலத்துச் சூளைத் தோழர்களுக்கு அதைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. நடுவில் இருக்கிற புலவர் கதை சொல்லுவார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். ஆமாம் போடுவதோடு நிற்கமாட்டார். அது என்ன, எப்படி, ஏன் என்று குறுக்கே கேட்பார். ஊரே கேட்க நினைத்து, கேட்டால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானோ என்று கூச்சப்பட்டு விழுங்கிய கேள்வியை, அவர் எல்லோருக்குமாகக் கேட்டுவிடுவார். புலவர் அதற்கு எளிய பேச்சில் விடை சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் கதை நகராது. பல்கலைக்கழகத்தில் இல்லாத ஒழுங்கு இது. அங்கே மாணவனுக்குப் புரியாவிட்டாலும் வகுப்பு நகர்ந்துகொண்டே இருக்கும்!

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலே சேர்ந்தார் கிருஷ்ணன். அங்கிருந்து வெண்திரை. 1935-இல் மேனகா வந்தது, 1936-இல் சதிலீலாவதி வந்தது. அந்த 1936-இல்தான் வசந்தசேனா படத்துக்காகப் புனாவுக்குப் போன பயணத்தில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். மேடைக்கும் திரைக்கும் வாழ்க்கைக்கும் துணையானார் மதுரம். வில்லுப்பாட்டில் குறுக்கே கேள்வி கேட்கிறவருக்கு உள்ள இடம் திரையிலே மதுரத்துக்குக் கிடைத்தது என்பது நம்முடைய கணிப்பு. கணவன் அளப்பான், மனைவி அசைவாள். கணவன் ஆகாயத்தில் பறப்பான், மனைவி அரிசி இருக்கிறதா என்று கேட்பாள். பெரும்பாலும் அவள்தான் வெல்லுவாள்.

அந்த நாளையப் படங்கள் எப்படி இருந்தன? தேவலோகம், முனிவர், சாபம், வரம். பேச்சோ, வடமொழி வழிந்தோடும் பேச்சு. டிக்கெட் வாங்கித் தரையில் உட்கார்ந்தவன் பக்தியோடு கேட்டான், புரிந்துகொண்டு கேட்கவில்லை. அந்தப் படங்களுக்கு உள்ளேயே தனியாகச் சிறிய படம் போல, தாமே சிந்தித்து, தம் குழுவினரோடு தாமே அமைத்து, நகைச்சுவைப் பகுதிகளைப் புகுத்தினார் கலைவாணர். மேலே அரண்மனைத் தமிழ், கீழே அங்காடித் தமிழ். படம் முடிந்து வெளியே வருகிறவன் உதட்டிலே நின்றது அங்காடித் தமிழ்தான்.

அவருடைய கிந்தனார் கதாகாலட்சேபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டிலே பாடிய நந்தனார் சரித்திரம் நமக்குத் தெரியும். நம் மாவட்டத்துச் சிதம்பரத்துக்குப் போகவேண்டும் என்று ஏங்கி ஏங்கி, போனபின் தீக்குளித்தால்தான் உள்ளே இடம் என்று ஆன ஒரு பண்ணையாளின் கதை. அந்தக் கதையின் சட்டத்தை அப்படியே எடுத்தார் கலைவாணர். பாகவதரின் தோரணை, பின்பாட்டு, இழுப்பு, விளக்கம், எல்லாம் இருந்தன. உள்ளே வைத்த பொருள் மட்டும் வேறு. நந்தன் அல்ல, கிந்தன். ஏக்கம் கோயிலுக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு. தீ உண்டு, ஆனால் அது வேள்வித் தீ அல்ல, ரயில் எஞ்சினின் அடியில் எரிகிற நிலக்கரித் தீ! அந்த ரயில் சாதி கேட்காது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவனை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும். கிந்தன் போனான், படித்தான், பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரியாகத் திரும்பி வந்தான். நீராவியின் அழுத்தம் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று கரும்பலகையில் எழுதினால் அது பௌதிகப் பாடம். அதே நீராவி பரம்பரைக் கட்டுப்பாட்டையும் தள்ளிக்கொண்டு போகிறது என்று பாடிக் காட்டினால் அது கிந்தனார்.

இந்த வேளையிலே இடி விழுந்தது. 1944 நவம்பரில் மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொலை செய்யப்பட்டான். டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை. சிரிக்க வைத்தவர் சிறைக்குள்ளே, சிரித்தவர்கள் வெளியிலே கண்ணீரோடு. மதுரம் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார், வழக்கை நடத்தினார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கு, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்திலே விடுதலையில் முடிந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்வு சூறையாடப்பட்டது, செல்வமும் கரைந்தது. அந்த ஆண்டிலேயே நாடகப் பேராசான் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்ற பட்டத்தை வழங்கினார். நான்காம் வகுப்புக்காரருக்குக் கிடைத்த பட்டம்!

அண்ணா கதை எழுதிய நல்லதம்பி 1949-இல் வந்தது. கிந்தனார் அதிலே இடம் பெற்றது. உடுமலை நாராயணகவி என்ற பகுத்தறிவுக் கவிராயரும் கலைவாணரும் கூடியபோதெல்லாம் தமிழுக்குப் புதிய பாட்டு வகை ஒன்று பிறந்தது என்றே சொல்லலாம். விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகக் கணவன் மனைவியிடம் அறிவிக்கிற பாட்டைப் பாடாத வாய் அன்று உண்டா? பொத்தானைத் தட்டினால் தட்டிலே இட்டிலியும் பக்கத்திலே காப்பியும் வந்துவிட வேண்டும் என்கிற கனவு அதிலே இருக்கிறது. ஒரே பாட்டிலே இரண்டு கத்தி வீசியிருக்கிறார். ஒன்று, வாயினாலேயே விஞ்ஞானம் வளர்க்கிற வீரர்கள்மேல். மேல்நாட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டாமா என்கிற கேள்வி சிரிப்புக்குள்ளே ஒளிந்திருக்கிறது. மற்றொன்று, விஞ்ஞானம் என்றால் அடுப்படிக்குச் சம்பந்தம் இல்லாத ஆகாய விஷயம் என்கிற எண்ணத்தின்மேல். அடுப்பு ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மாருக்கு அந்தப் பொத்தானின் அருமை நன்றாகத் தெரியும். எந்த விரிவுரையும் தேவைப்படவில்லை.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நம் விருத்தாசலத்துத் தோழர்களைக் கேளுங்கள். பீங்கான் இருக்கிறது! பழைய வீட்டுச் சுவரில் பியூஸ் கட்டை வெள்ளையாக மின்னுகிறதே, அது மின்சாரம் பாயாத பொருள். அதனால்தான் வீட்டுக்காரன் விரல் பிழைக்கிறது. வெண்களிமண், படிகக்கல் தூள், பெல்ஸ்பார் மூன்றையும் அளவோடு குழைத்து, உலர்த்தி, 1,200 டிகிரிக்கு மேல் சூளையிலே வேகவைத்தால் மண் கல்லாகிறது. சூளைக்குள் எரிகிற நிறத்தைப் பார்த்தே பதத்தைச் சொல்லுகிற கண் உடையவர்கள் உண்டு. அந்தக் கண்ணுக்குள்ளே இருப்பது விஞ்ஞானம். ஆனால் அவனிடம் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்த மொழியிலே பேசுகிறார்கள்? அவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த மொழியிலா?

கேலிக்கு அப்பால் உள்ள செய்தி ஒன்று இருக்கிறது. படிகக்கல் தூள் பறக்கிற இடத்திலே நாள்தோறும் மூச்சு விட்டால், கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தூள் நுரையீரலின் அடி ஆழம் வரை போய்த் தங்கும். தங்கிய இடத்திலே தழும்பு ஏறும். வருடங்கள் கழித்து இருமல், மூச்சிரைப்பு. சிலிகோசிஸ் என்று பெயர். வந்தால் மீளாது, காசநோயும் எளிதில் தொற்றும். வராமல் தடுக்க வழி உண்டு. தூளை நனைத்து வேலை செய்ய வேண்டும், காற்றை இழுத்து வெளியேற்றும் அமைப்பு வேண்டும், தூளைத் தடுக்கும் சரியான கவசம் வேண்டும். மூக்கிலே கட்டிய துண்டு போதாது. இவ்வளவையும் தமிழில் பத்து வரியில் சொல்லிவிடலாம், பார்த்தீர்களா? யாருக்கும் புரியாத மொழியில் ஒரு பலகையை எழுதித் தொங்கவிட்டுக் கடமை முடிந்தது என்று எங்கே எவர் போனாலும், அவர் அந்தப் போலோஞா டாக்டரின் அங்கியைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். இத்தாலிய மேடையில் அது சிரிப்பு. இங்கே அது ஒருவன் மூச்சு.

மற்றொரு பக்கம், மூடநம்பிக்கை விஞ்ஞான வேடம் கட்டி ஆடுகிற ஆட்டத்தையும் பாருங்கள். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று பாட்டி சொன்னபோது காரணம் யமன். இன்று பேரன் சொல்லும்போது காரணம் காந்தம்! இரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், பூமியின் காந்தம் அதை இழுக்கிறதாம். இரத்தத்தில் இருக்கிற இரும்பு ஆணித் துண்டு அல்ல. காந்தத்தைக் கண்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாது. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. என்ற எந்திரத்துக்குள் படுக்க வைக்கிறார்களே, அதன் காந்த வலிமை பூமியின் காந்தத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. உள்ளே போனவர் உடம்பு இரத்தம் ஒரு பக்கமாகச் சேராமல்தான் எழுந்து வருகிறார். கலைவாணர் இருந்திருந்தால் இந்தப் பேரனையும் பாட்டியையும் ஒரே மேடையில் உட்கார வைத்திருப்பார். கேள்வி கேட்கிற பொறுப்பை மதுரத்திடம் விட்டிருப்பார்.

புகழ மட்டும் நாம் உட்காரவில்லை. பிற்காலத்திலே சில படங்களில் அறிவுரை முன்னே வந்து நகைச்சுவை பின்னே போனது உண்டு. சிரிப்பு தானே செய்துவிடுகிற வேலைக்குச் சொற்பொழிவையும் துணைக்கு அழைத்தார். பேச்சாளர்களாகிய நமக்கே அது நீளமாகத் தோன்றினால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் வில்லைக் கையில் எடுத்துவிட்டால் பழைய நாகர்கோவில் கிருஷ்ணன் வந்துவிடுவார். காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக்கினார். அதை எழுதித் தந்த இளைஞர் சுப்பு ஆறுமுகத்தை ஊரிலிருந்து அழைத்து வந்து வளர்த்துவிட்டவரும் அவர்தான். 1951-இல் இந்தியத் திரைப்படக் குழுவினரோடு சோவியத் நாடு சென்று வந்தார். மணமகளையும் பணத்தையும் தாமே இயக்கினார். பணம் என்று படம் எடுத்தவர் கையிலே பணம் தங்கியதில்லை. கேட்டவருக்குக் கொடுத்தார், கேட்கக் கூசியவருக்குத் தேடிப் போய்க் கொடுத்தார்.

1957 பொதுத் தேர்தல். காஞ்சியிலே அண்ணா நிற்கிறார். எதிரே காங்கிரசின் சார்பில் நின்றவர் ஒரு மருத்துவர், டாக்டர் சீனிவாசன். பிரசாரத்துக்குப் போன கலைவாணர் மேடை ஏறி, எதிர் வேட்பாளரைப் புகழ ஆரம்பித்துவிட்டாராம். அவருடைய கைராசி என்ன, குணம் என்ன, ஏழைகளுக்கு அவர் செய்யும் வைத்தியம் என்ன! கழகத் தோழர்களுக்கு வேர்த்துவிட்டது. கடைசியிலே சொன்னாராம், இப்படிப்பட்ட நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் காஞ்சி மக்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது, ஆகையால் அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவைக் கோட்டைக்கு அனுப்புங்கள் என்று. கட்சி மேடைகளில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிற செய்தி இது. ஏசவில்லை, இழிக்கவில்லை, மருத்துவரின் மதிப்பிலே ஒரு மாசும் படவில்லை. போலி டாக்டரைச் சிரித்து விரட்டத் தெரிந்தவருக்கு, மெய்யான டாக்டரை மதிக்கவும் தெரிந்திருந்தது. அண்ணா வென்றார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் கலைவாணர் மறைந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை, நாற்பத்தெட்டுதான். 1974-இல் சென்னையில் இருந்த பாலர் அரங்கத்துக்குக் கலைவாணர் அரங்கம் என்று பெயர் வைத்தார்கள். பழைய கட்டிடம் போய், 2016-இல் அதே பெயரோடு புதிய அரங்கம் எழுந்தது. அதற்கு முன்பே, 1969 ஜனவரியில், தியாகராய நகரிலே அவருடைய சிலை நாட்டப்பட்டது. திறந்து வைத்தவர் முதலமைச்சர் அண்ணா. நோய் அவரை உருக்கியிருந்தது, குரல் தளர்ந்திருந்தது. வந்தார், திறந்தார். அதுதான் அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி. பிப்ரவரி 3-இல் அவரும் போய்விட்டார்.